விரல்களை உறைய வைத்த வாரங்கள்

கீமோ என்றதும் எல்லாரும் முடியைப் பற்றித்தான் கேட்டார்கள். அடுத்தது வாந்தி. நரம்பைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில் அது இருக்கத்தான் செய்தது, நீளமான பட்டியலின் நடுவில் ‘கை கால் மரத்துப்போதல்’ என்று. முடி திரும்ப முளைத்துவிடும். வாந்திக்கு இப்போது நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. மரத்துப்போன விரலுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. போன உணர்வு தானாகத் திரும்பினால் உண்டு, இல்லையென்றால் அதோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால் சிகிச்சை தொடங்கும் முன்பே இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததன் விளைவாக, பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏறிய ஒவ்வொரு வாரமும் இரண்டு கைகளையும் இரண்டு கால்களையும் உறைபனிக் குளிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பலன் இருந்ததா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நேரான பதில் கிடையாது. ஏன் கிடையாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், இது சின்ன விஷயம் இல்லை. 2014-இல் 31 ஆய்வுகளில் இருந்த நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் வெளிவந்தது. கீமோ முடிந்த முதல் மாதத்தில் 68 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு. ஆறு மாதம் தாண்டியும் 30 சதவீதம் பேருக்கு அது போகவில்லை. மருந்தும் அளவும் ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், மூன்றில் ஒருவர் என்பது யாரையும் யோசிக்க வைக்கும்.

‘மரத்துப்போதல்’ என்று படிவத்தில் படிக்கும்போது உட்கார்ந்தே இருந்தால் காலில் வருமே, அதுதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு அடுத்த நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மா ஏற்கெனவே ஒரு சுற்றுச் சிகிச்சை முடித்தவர். கைப்பைக்குள் கையை விட்டால் சாவி எது, சில்லறை எது என்று விரலுக்குத் தெரிவதில்லை, எல்லாவற்றையும் மடியில் கொட்டிக் கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். தோட்டின் திருகை மாட்டிவிட மகள் வேண்டும். ஒருநாள் வராந்தாவில் நடந்து போனபோது ஒரு கால் செருப்பு கழன்று பின்னாலேயே கிடந்தது, அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். நான்தான் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிரித்தார். “வலி இல்லம்மா, அதுதான் பிரச்சினையே” என்றார். சிலருக்கு நேர்மாறாக வலிதான் பிரச்சினை: இரவில் பாதம் எரியும், போர்வை பட்டாலே குத்தும்.

மருந்து ஏன் நரம்பைத் தொடுகிறது? பாக்லிடாக்சல் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. அது வேலை செய்யும் விதத்தை 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு கண்டுபிடித்தது. செல்லுக்குள் நுண்குழல்கள் இருக்கின்றன. செல் இரண்டாகப் பிரியும்போது அவை கூடவும் வேண்டும், கலையவும் வேண்டும். பாக்லிடாக்சல் அவற்றைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. புற்று செல் பிரிய முடியாமல் சாகிறது. நரம்பு செல் பிரிவதே இல்லை, ஆனால் அதற்கும் அந்தக் குழல்கள் வேண்டும். செல்லின் உடலில் தயாராகும் புரதங்களும் மற்றதும் அந்தக் குழல்களின் வழியாகத்தான் நரம்பின் நுனிவரை போய்ச் சேர்கின்றன. முதுகுத்தண்டின் ஓரத்திலிருந்து கால் பெருவிரல்வரை ஒரே செல்லின் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் ஓடுகிறது. வாய்க்காலில் அடைப்பு விழுந்தால் முதலில் காய்வது கடைமடைதானே. அதனால்தான் மரப்பு கால் விரல் நுனியில் ஆரம்பித்து, காலுறை போடும் அளவுக்கு மேலேறுகிறது. பிறகு கை.

டோசிடாக்சலும் இதே குடும்பம். டாக்சேன் என்பது இந்தக் குடும்பத்தின் பெயர். சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின், வின்கிறிஸ்டின், போர்டிசோமிப் ஆகியவையும் நரம்பைப் பாதிக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே வழியில் அல்ல. பிளாட்டினம் சேர்ந்த மருந்துகள் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலேயே போய்ப் படிகின்றன. மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் மரப்பு கூடிக்கொண்டே போகலாம். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

குளிரின் கணக்கு எளிமையானது. குளிர் பட்டால் ரத்தக் குழாய் சுருங்கும். மருந்து ரத்தத்தில் உச்ச அளவில் இருக்கும் நேரத்தில் விரல்களுக்குப் போகும் ரத்தம் குறைந்தால், அங்கே சேரும் மருந்தும் குறையும். செல்களின் வேகமும் குளிரில் மந்தமாகும். இந்த யோசனை புதிதல்ல. 5-எஃப்யூ என்ற மருந்தை வேகமாகச் செலுத்தும்போது நோயாளியின் வாயில் அரை மணி நேரம் ஐஸ் துண்டுகளைப் போட்டுவைத்தால் வாய்ப்புண் குறைகிறது என்று 1991-லேயே ஓர் ஆய்வு வந்தது. இன்று அது வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. முடி கொட்டாமல் இருக்கத் தலையைக் குளிர்விக்கும் கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் அனுமதி கொடுத்தது.

கைக்குக் குளிர் வந்தது நரம்புக்காக அல்ல, நகத்துக்காக. டோசிடாக்சல் நகங்களைக் கருக்கும், பெயர்க்கும். 2005-இல் பிரான்சில் 45 நோயாளிகளின் வலது கையில் மட்டும் உறைந்த ஜெல் கையுறையைப் போட்டு, இடது கையைச் சும்மா விட்டார்கள். மருந்து ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து முடிந்து கால் மணி நேரம்வரை. கையுறை 45 நிமிடத்தில் இளகிவிடும் என்பதால் நடுவில் ஒருமுறை மாற்றினார்கள். நகப் பாதிப்பு வலது கையில் 11 சதவீதம், இடது கையில் 51 சதவீதம்.

நரம்புக்கு இதே சோதனையைச் செய்தவர்கள் ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகக் குழுவினர். 2018-இல் அச்சில் வந்த அவர்களுடைய ஆய்வுதான் என்னை இழுத்தது. வாரா வாரம் பாக்லிடாக்சல் எடுத்த மார்பகப் புற்றுநோயாளிகள், அதாவது என்னைப் போன்றவர்கள். அதிகம் புழங்கும் பக்கத்துக் கைக்கும் காலுக்கும் மட்டும் உறைந்த உறைகள், தடவைக்கு 90 நிமிடம். மறு பக்கத்துக்கு ஒன்றுமில்லை. கடைசியில் 36 பேரின் கணக்கு: மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையில் உணர்வு குறைந்திருந்தது குளிர்வித்த கையில் 27.8 சதவீதம் பேருக்கு, குளிர்விக்காத கையில் 80.6 சதவீதம் பேருக்கு. பாதத்தில் 25-க்கு 63.9. நோயாளிகள் தாங்களே சொன்ன மரப்பில், மடங்குக் கணக்கில் வித்தியாசம் இன்னும் பெரிது, கையில் 2.8-க்கு 41.7. குளிர் தாங்காமல் ஒருவரும் விலகவில்லை.

இதில் ஒரு சிக்கல் வெளிப்படையாகவே இருக்கிறது. எந்தக் கை குளிரில் இருந்தது என்று அந்த ஆளுக்குத் தெரியும். கஷ்டப்பட்டுக் குளிரைத் தாங்கிய கை நன்றாக இருக்க வேண்டும் என்று மனம் ஆசைப்படத்தானே செய்யும்? நைலான் இழை அந்த ஆசையைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும், முழுக்க அல்ல. ஆனாலும் அந்த முறையின் அழகை மறுக்க முடியாது. ஒரே உடம்பு, ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே வயது. மாறியது குளிர் மட்டும்.

என் டாக்டரிடம் கேட்டேன். நல்லவர், அவசரப்படாதவர். “செய்யலாம். உத்தரவாதம் தர முடியாது. கையில் கொப்புளம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். மருத்துவமனையில் அதற்கென்று எதுவும் இல்லை. ஜெல் நிரப்பிய கையுறையும் காலுறையும் நாங்களே இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டோம். முதல் நாள் இரவே உறைய வைத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி அக்கா தூக்கிக்கொண்டு வருவாள். சிஸ்டர்கள் முதலில் விநோதமாகப் பார்த்தார்கள். பிறகு, “டெக்சா போயாச்சு, அலர்ஜி ஊசி போயாச்சு, இன்னும் கால் மணி நேரத்துல பாக்லி போடுறேன், மாட்டிக்குங்க” என்று அவர்களே நேரம் சொல்லத் தொடங்கினார்கள்.

மாட்டும் வேலை முழுக்க அக்காவுடையது. முதலில் மெல்லிய பருத்திக் கையுறை, அதன் மேல் உறைந்தது, மணிக்கட்டில் ஒட்டும் பட்டை. வெறும் தோலில் நேராக ஐஸ் படவே கூடாது. முதல் ஐந்து நிமிடம் குளிர் என்று தோன்றாது. எலும்பில் யாரோ திருகாணி போடுவதாகத் தோன்றும். வலி விரல் கணுக்களில் ஆரம்பித்து முழங்கைவரை ஏறும். கண்ணில் தண்ணீர் வரும், துடைக்கக் கை கிடையாது. “எடுத்துடட்டுமாடி?” என்பாள் அக்கா ஒவ்வொரு முறையும். வேண்டாம் என்று தலையாட்டுவேன். பத்து, பதினைந்து நிமிடத்தில் வலி மங்கி, கை இருக்கிற இடம் தெரியாமல் போகும். அலர்ஜி ஊசியின் தூக்கமும் சேர்ந்துகொள்ளும். உடம்பெல்லாம் கம்பளி, தலையில் துண்டு, நுனிகள் மட்டும் உறைபனியில். மூக்கு அரித்தால் அக்காவைத்தான் கூப்பிட வேண்டும்.

கஷ்டம் அடுத்த கட்டத்தில் வரும். ட்ரிப் ஏறினால் சிறுநீர் முட்டாமல் இருக்குமா? காலுறையைக் கழற்றி, மரத்த பாதத்தைத் தரையில் ஊன்றி, ட்ரிப் கம்பியைத் தள்ளிக்கொண்டு போய்வர வேண்டும். திரும்பி வந்து மாட்டினால் முதல் ஐந்து நிமிட வலி மறுபடி முதலிலிருந்து. அதனால் முன்கூட்டியே போய்விட்டு வந்து உட்காரக் கற்றுக்கொண்டேன். பாதி நேரத்தில் உறை இளகி, வெளிப்பக்கம் வியர்த்து, நாற்காலியெல்லாம் சொட்டும். இரண்டாவது ஜோடிக்கு மாற்றும் அந்த அரை நிமிடத்தில் அக்கா என் விரல் நகங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பாள். வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்புகிறதா என்று. சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது.

இந்தத் தாங்கும் விஷயத்தைத்தான் ஆய்வுக் கட்டுரைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நெதர்லாந்தில் 180 பேரிடம் பெரிய சோதனை ஒன்று நடந்து 2020-இல் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு உறைந்த கையுறை, பாதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. கையுறை போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நடுவிலேயே விட்டுவிட்டார்கள், பெரும்பாலும் குளிரும் வலியும் தாங்காமல். மொத்த நரம்புப் பாதிப்புக் கணக்கில் இரு தரப்புக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. விரல்களின் குறுகுறுப்பு மட்டும் கையுறைத் தரப்பில் குறைவாக இருந்தது. ஜப்பானில் ஒருவரும் விலகவில்லை, நெதர்லாந்தில் மூன்றில் ஒருவர் விலகினார். இரண்டிலும் உறைந்த கையுறைதான். நான் இரண்டையும் நம்புகிறேன். பக்கத்தில் ஓர் அக்கா உட்கார்ந்திருப்பதும் இல்லாததும் எந்தக் கட்டுரையின் அட்டவணையிலும் வருவதில்லை.

அதே 2020-இல் வந்த அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல், குளிர்விப்பதைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்றது. ஐரோப்பிய வழிகாட்டுதல், யோசித்துப் பார்க்கலாம் என்ற அளவில் ஏற்றுக்கொண்டது. நோயாளிக்கு இரண்டும் ஒன்றுதான்: வேண்டுமானால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2025-இல் நிலைமை கொஞ்சம் மாறியது. ஜெர்மனியில் போலார் என்ற பெயரில் நடந்த சோதனையின் முடிவு வெளியானது. அங்கேயும் ஒரு கை சோதனைக்கு, மறு கை ஒப்பிடுவதற்கு. 122 பேரில் ஒரு பிரிவினருக்குக் குளிர், இன்னொரு பிரிவினருக்கு வெறும் அழுத்தம். அழுத்தம் என்றால் பெரிய கருவி ஒன்றுமில்லை, கைக்கு ஒரு அளவு சிறியதான அறுவைச் சிகிச்சைக் கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டுவது. இறுக்கத்தில் சிறு ரத்தக் குழாய்கள் நசுங்கி, ரத்த ஓட்டம் குறையும். அன்றாட வேலையைத் தடுக்கும் அளவிலான நரம்புப் பாதிப்பு குளிர்வித்த கையில் 29 சதவீதம், சும்மா விட்ட கையில் 50. அழுத்திய கையில் 24, சும்மா விட்ட கையில் 38. குளிருக்குச் சளைத்ததாக அழுத்தம் தெரியவில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அத்தனை ஐஸ் பெட்டி, அத்தனை கண்ணீர்!

இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. சிங்கப்பூரில் ஒரு குழு உறைந்த ஜெல்லை விட்டுவிட்டு, குளிர்ந்த நீர் சுற்றிவரும் உறைகளைப் பயன்படுத்துகிறது. முதலில் 22 டிகிரியில் தொடங்கினார்கள். பிறகு லேசான அழுத்தமும் சேர்த்து 16 டிகிரிக்கு இறங்கினார்கள். உறைபனி அளவுக்குப் போக வேண்டியதில்லை, சீரான குளிர் கடைசிவரை நிலைத்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். பாதியில் கழற்றி எறியும் கடுங்குளிரைவிட, இறுதிவரை தாங்கும் மிதமான குளிர் மேல் என்பதை உடம்பால் அறிந்தவள் என்ற முறையில் எனக்கு இது சரியாகப் படுகிறது.

இப்போது எச்சரிக்கைகள். மேலே மருந்துகளின் வேறுபாட்டை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஆக்ஸாலிபிளாட்டின் எடுப்பவர்களுக்குக் குளிரே எதிரி. மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும், ஃப்ரிட்ஜுக்குள் கை விட்டால் விரல் மின்சாரம் பாய்ந்ததாகக் குத்தும். பாக்லிடாக்சலுக்கு ஒருவர் செய்ததைப் பார்த்து, ஆக்ஸாலிபிளாட்டினுக்கு அப்படியே செய்துவிடக் கூடாது. குளிரில் விரல் வெளுத்து நீலமாகும் ரேனாட்ஸ் நோய் உள்ளவர்கள், குளிரால் தோல் தடிப்பவர்கள், கால் ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்கள், ஏற்கெனவே சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் எல்லோரும் டாக்டரிடம் கேட்காமல் ஐஸைத் தொடவே வேண்டாம். மரத்த தோலுக்குப் பனிக்கடி விழுவது தெரியாது. கொப்புளம் கண்ணில் பட்ட பிறகுதான் தெரியும்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது. விரலுக்கு மருந்து போகாவிட்டால் அங்கே புற்று செல் ஒளிந்துகொள்ளாதா? மார்பகம் போன்ற கட்டிகள் விரல் நுனிக்குப் பரவுவது மிக மிக அரிது. அதனால் டாக்டர்கள் இதைப் பெரிய ஆபத்தாக நினைப்பதில்லை. ரத்தப் புற்றுநோய் வேறு கதை. அதில் நோயே ரத்தத்தோடு சுற்றுகிறது. அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

குளிர் வேண்டாம் என்பவர்கள் மாத்திரைப் பக்கம் திரும்புவதைப் பார்க்கிறேன். நரம்புக்கு நல்லது என்று விற்கப்படும் அசிட்டைல் எல்-கார்னிடின் விஷயத்தில் கொஞ்சம் நில்லுங்கள். டாக்சேன் மருந்து எடுக்கும் மார்பகப் புற்றுநோயாளிகளிடம் அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையின் முடிவு 2013-இல் வந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு மரப்பு குறையவில்லை, கூடியது. வந்துவிட்ட வலிக்கு ஓரளவு சான்று உள்ள ஒரே மருந்து டுலாக்ஸெட்டின். அதுவும் வலியைத்தான் குறைக்கும், போன உணர்வைக் கொண்டுவராது.

ஆகவே, மரப்பு ஆரம்பித்தால் டாக்டரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். பலர் சொல்வதில்லை, மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. நடுவில் கால் விரல்களில் குறுகுறுப்பு வந்தபோது சொன்னேன். டாக்டர் இசைக்கவையைத் தட்டி என் பெருவிரல் கணுவில் வைத்து, அதிர்வு நிற்கும்போது சொல்லச் சொன்னார். சட்டைப் பித்தானைக் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொன்னார். அளவைக் குறைக்கவில்லை, அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம் என்றார். அளவைக் குறைப்பதா, தள்ளிப்போடுவதா, அப்படியே தொடர்வதா என்பது அவர் எடை போட வேண்டிய விஷயம். எடை போட அவருக்குத் தகவல் வேண்டும்.

சிகிச்சை முடிந்தது. கைவிரல்கள் நன்றாக இருக்கின்றன. கால் விரல்களின் குறுகுறுப்பு சில மாதங்களில் மெல்ல மங்கியது. குளிரால்தானா? எனக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. நான் இரண்டு கைகளையும் உறைய வைத்தவள், ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு மறு கை இல்லை. குளிர் இல்லாமலேயே தப்பித்த அந்த அதிர்ஷ்டக்காரர்களில் நானும் ஒருத்தியாக இருக்கலாம். கியோட்டோவிலும் ஜெர்மனியிலும் ஒரு கையைக் காவல் இல்லாமல் விட ஒப்புக்கொண்டவர்கள் இருந்ததால்தான் நான் இத்தனை எண்களை எழுத முடிகிறது. எனக்கு அந்தத் துணிச்சல் இருந்திருக்காது.

அமெரிக்காவில் ஸ்வாக் என்ற ஆய்வுக் கூட்டமைப்பு இப்போது குளிரோடு சேர்ந்த அழுத்தம், தொடர்ந்த அழுத்தம், பெயரளவுக்கு லேசான அழுத்தம் என்று மூன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பெரிய சோதனை ஒன்றை நடத்தி வருகிறது. அதன் முடிவு வரும்வரை, டாக்சேன் தொடங்கப்போகும் யாராவது என்னிடம் கேட்டால், முதல் ஊசிக்கு முன்னாலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள் என்பேன். குளிர் ஒத்துக்கொள்ளும் உடம்பென்றால் முயன்று பாருங்கள், தாங்கவில்லையென்றால் இறுக்கமான கையுறை பற்றிக் கேளுங்கள். எனக்கே இன்னொரு சுற்று வந்தால் கையுறையைத்தான் முதலில் எடுப்பேன். அக்காவிடம் சொன்னேன். ஐஸ் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இதை முன்னாடியே படிச்சிருக்கக் கூடாதா?” என்றாள். நாங்கள் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தபோது அந்த முடிவு வெளியாகியிருக்கவே இல்லை.